பதினான்கு படியும் ஒரு தூளியும்

ஹிஸ்கே என் பக்கத்து வீட்டுக்காரி. ஸ்னேக் நகருக்கு மேற்கே எங்கள் ஊர்க் கால்வாய்க் கரையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில் அவளுடையது ஏழாவது, என்னுடையது எட்டாவது. நடுவில் ஒற்றைச் சுவர். அவள் வீட்டில் யாராவது மாடிப்படி ஏறினால் என் சமையலறை அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும்.

அவளுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே ஒரு சாண்தான். பிறவியிலேயே அப்படி. பத்து வயதில் ஆஸ்பத்திரியில் தோல் நிறத்தில் ஒரு பொய்க்கை செய்து கொடுத்தார்கள். ஒரு வாரம் மாட்டிப் பார்த்தாள். எட்டாம் நாள் அதைப் பள்ளிக்கூடத்து சைக்கிள் கொட்டகையில், யாருடையதோ ஒரு சைக்கிளின் கைப்பிடியில் கோர்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். வாத்தியார் அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "அது ஒரு வேலையும் செய்யல சார், வேர்க்க மட்டும் வேர்க்குது" என்றாளாம்.

நீச்சல் தேர்விலும் அப்படித்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உடுப்பும் செருப்புமாகக் குளத்தில் குதித்து நீந்திக் காட்ட வேண்டும். அவளுக்கு மட்டும் பாதி தூரம் போதும் என்றார்கள். "பாதி நீந்தினா பாதிக் கால்வாய்லதான் விழலாமா?" என்று கேட்டுவிட்டு முழுத் தூரமும் நீந்தினாள். கடைசியில்தான் வந்தாள். ஆனாலும் வந்தாள்.

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். பெயர் ஹென்னி. அவள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிதில், கடைப்பையோடு வந்தவளிடம் ஓடிப்போய்ப் பையை வாங்கப் பார்த்தேன். அவள் பையைக் கொடுக்கவில்லை.

"ஹென்னி, உங்க ரெண்டு கையும் வேலையில்லாம இருக்குன்னா உங்க வீட்டு ஜன்னலத் துடைங்க. ஒரு மாசமா பாக்கறேன்."

எங்கள் ஊரில் ஒருத்தியின் ஜன்னலைப் பற்றி இப்படிச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே ஜன்னலைத் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் சிநேகிதம்.

அவள் பாலக்காவல் வேலையில் இருக்கிறாள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை பாய்மரப் படகு வரும்போதெல்லாம் பாலத்தைத் தூக்கி இறக்க வேண்டும். தூண்டில் கம்பில் ஒரு மரச்செருப்பைக் கட்டி நீட்டி, படகுக்காரர்கள் அதில் போடும் காசை வாங்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுத்த அதிகாரி இதெல்லாம் முடியுமா என்று இழுத்தபோது, "ரெண்டு கையாலயும் தூண்டில் புடிக்கறவன நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். வேலை கிடைத்தது. அந்தப் பாலத்தடியில்தான் சீட்சேயையும் சந்தித்தாள். அவன் தூர்வாரும் கப்பலில் பொறியாளன். ஆறு வாரம் கடலில், ஆறு வாரம் வீட்டில். முப்பத்தொன்றில் கல்யாணம். முப்பத்து நான்கில், ஒரு மார்ச் மாதம், மாரிட் பிறந்தாள்.

பிறந்த எட்டு நாளும் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளப் பேறுகால நர்ஸ் கோரி வந்தாள். கோரி நல்லவள், கெட்டிக்காரி. வந்தவர்களுக்கெல்லாம் ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, பெண் பிறந்தால் தரும் இளஞ்சிவப்புச் சோம்பு மிட்டாய் தூவிக் கொடுத்தாள். குளிப்பாட்டுவதற்கு ஹிஸ்கே தானே ஒரு முறை கண்டுபிடித்திருந்தாள். குட்டைக் கையில் பிள்ளையின் கழுத்தைத் தாங்கி, வலது கையால் தண்ணீர் ஊற்றினாள். கோரி அதைப் பார்த்துவிட்டு, "எனக்கே இவ்வளவு நேர்த்தியா வராது" என்று மனசாரச் சொன்னாள்.

சிக்கல் படியில் வந்தது. எங்கள் வீடுகளின் மாடிப்படியைப் படி என்பதைவிட ஏணி என்று சொல்லலாம். பதினான்கு படி. பாதம் முழுதாக வைக்க இடம் கிடையாது. கைப்பிடிக்குப் பதில் சுவரோரம் ஒரு கயிறு. ஐந்தாம் நாள் காலையில், குட்டைக் கையில் மாரிட்டைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் கயிற்றைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்த ஹிஸ்கேயைக் கோரி கீழே நின்று பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஹிஸ்கே, முதல்ல பாப்பாவக் கீழ வையி."

"படியிலயா வைக்கறது?"

மேலே போய்ப் பிள்ளையைக் கிடத்திவிட்டு இறங்கி வந்தாள். கோரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மத்ததெல்லாம் நீ பண்ணு. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். மாடிக்குத் தூக்கிட்டுப் போறது மட்டும் வேண்டாம். இப்ப சீட்சே தூக்கட்டும். அவன் கப்பலுக்குப் போனதும் உன் மாமியாரக் கூப்ட்டுக்க."

"குளிக்கற இடம் மாடியில. படுக்கை மாடியில. துணி தோய்க்கற மிஷினும் மாடியில. நான் மட்டும் கீழயா? என் வீட்டு மாடிக்கு நான் என்ன விருந்தாளியா?"

"பாப்பா பத்திரம்தானம்மா முக்கியம்."

இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் எந்தத் தாயும் வாய் திறக்க முடியாது. ஹிஸ்கேயும் திறக்கவில்லை. கடைசி நாளன்று கோரி குறிப்பேட்டில் எழுதினாள்: தாய் தனியாக இருக்கையில் குழந்தையைத் தூக்கிப் படியேறுவது பாதுகாப்பானதல்ல, வீட்டில் இன்னொருவர் எப்போதும் இருக்க வேண்டும். அடியில் தாயின் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்கு இருக்கறது ஒரு கை. அத இதுக்கெல்லாம் செலவழிக்க முடியாது" என்றாள் ஹிஸ்கே.

குறிப்பேடு கையெழுத்து இல்லாமலே குழந்தைநல நிலையத்துக்குப் போயிற்று.

அன்று மாலை நான் பால்கட்டி கொண்டுபோய்க் கொடுக்கப் போனபோது மாமியார் டவுட்சன் அங்கே இருந்தாள். பண்ணை வீட்டுக்காரி. எழுபது வயதிலும் பசு மாட்டைத் தோளால் தள்ளி நகர்த்துகிறவள். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முடிவாகப் பேசினாள்.

"நான் வந்து இருந்துக்கறேன். பாப்பாவோட மாடியில நான் படுத்துக்கறேன். நீ கீழ சோஃபாவுல படு. பால் குடிக்க அழுதா நான் தூக்கிட்டு வந்து தர்றேன்."

"அத்தை, அது பசு மாட்டுக்குப் பண்றது. கன்னுக்குட்டிய வேளைக்கு வேளை கொண்டாந்து விடறது."

டவுட்சன் சிரிக்கவில்லை. சீட்சே தரையைப் பார்த்தான். நான் பால்கட்டியை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஹிஸ்கே வாசல்வரை என்னோடு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "ஒரு தடவ வழுக்குச்சு ஹென்னி. மூணாவது நாள். எட்டாவது படியில இந்தக் கையிலேருந்து அவ லேசா நழுவினா. முழங்காலக் குடுத்துப் புடிச்சேன். கோரி பயந்தது தப்பில்ல. அவ சொன்ன வழிதான் தப்பு."

"வேற என்ன வழி?"

"உடம்போட கட்டிக்கணும். கை ரெண்டுக்கும் அதுல வேலையே இருக்கக் கூடாது."

சீட்சே கப்பலேற அப்போது ஒன்பது நாள் இருந்தது.

முதலில் சீட்சேயின் தங்கை தன் பிள்ளைக்குப் பயன்படுத்திய குழந்தையை மார்பில் சுமக்கும் ஒரு பையைக் கொடுத்தனுப்பினாள். தடித்த பட்டைகள், பஞ்சு வைத்த தோள்வார்கள், இடுப்பில் ஒரு கொக்கி, முதுகுப்பக்கம் கழுத்துக்குக் கீழே இன்னொரு கொக்கி. இடுப்புக் கொக்கியை ஹிஸ்கே போட்டுக்கொண்டாள். கழுத்துக் கொக்கிக்கு இரண்டு கையும் பின்னால் போக வேண்டும். போதாததற்கு அது பெரிய பிள்ளைக்கானது. மாரிட்டின் கால்கள் அதில் தவளைக்குட்டியின் கால்போல அகண்டு நின்றன, முகம் பட்டைக்குள் புதைந்தது. சீட்சே பின்னால் நின்று கொக்கியை மாட்டிவிட்டான்.

"எப்டி இருக்கு?"

"கழட்டு."

"இப்பதானே மாட்டினேன்."

"ஒருத்தர் மாட்டிவிட, ஒருத்தர் கழட்டிவிட நான் என்ன குதிரையா? கழட்டு சீட்சே."

அடுத்தது, அவளே தருவித்த இழுபடும் துணி. பனியன் துணிபோல மெத்தென்று, ஐந்து மீட்டர் நீளம். பெட்டியின் மேல் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். 'மிகச் சுலபம், மூன்றே நிமிடம்' என்று போட்டிருந்தது. ஹிஸ்கே ஒரு முனையைப் பல்லால் கவ்வி, குட்டைக் கையால் நடுவை அமுக்கி, மறு முனையை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். முதல் நாள் இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. மூன்றாம் நாள் ஆறே நிமிடம். கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து காட்டினாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஜன்னல் விவகாரம் நினைவு வந்து, காபி மட்டும் ஊற்றிக் கொடுத்தேன்.

அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்திருப்போம். அவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். மாரிட்டின் மூச்சில் ஒரு மெல்லிய முனகல். துணி நெகிழ்ந்து பிள்ளை வயிறுவரை இறங்கியிருந்தாள். தாடை மார்பில் ஒட்டி, கழுத்து மடங்கியிருந்தது. ஹிஸ்கே தாடையை விரலால் தூக்கினாள். மூச்சு சீரானதும் என்னையும் கூடச் சேர்ந்து கட்டை அவிழ்க்கச் சொன்னாள். அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான்.

"முடிச்சப் போட்டுட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்க முடியல" என்றாள். துணியைச் சுருட்டி மேஜைமேல் எறிந்தாள். "சுலபம்னு போட்டிருக்கானே, யாருக்குச் சுலபம்னு போட்டிருக்கானா பாருங்க."

எங்கள் நூலகத்தின் மாடியறையில் சனிக்கிழமை காலைகளில் பச்சைப் பிள்ளைக்காரர்கள் கூடுவார்கள். அன்னரீக் என்ற பெண் ஒரு அலமாரி நிறையத் தூளிகள் வைத்திருந்தாள். கட்டச் சொல்லிக்கொடுப்பாள். வேண்டியதை ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம். நான் சொன்னேன் என்றே ஹிஸ்கே வந்தாள். பத்துப் பேர் இருந்த அறை அவளைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கியது. பிள்ளை சீட்சேயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்னரீக் நேராகவே பேசினாள். "உனக்கு என்ன வேணும்?"

"யார் உதவியும் இல்லாம போடணும், எடுக்கணும். அவ முகம் எனக்குத் தெரியணும். கட்டினதுக்கப்புறம் இந்தக் கை கயிறு புடிக்கணும். படியில."

"ஒரு கையால கட்டறதுக்கு நான் யாருக்கும் சொல்லிக்குடுத்ததில்ல. முடியும்னு பொய் சொல்ல மாட்டேன்."

ஹிஸ்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பத்து நாளா எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். ஆரம்பிங்க."

அன்னரீக் தன் இடது கையை ஸ்வெட்டர் கைக்குள் இழுத்துச் சுருட்டிக்கொண்டாள். அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முதலில் தானே ஒற்றைக் கையால் போட்டுப் பார்த்தாள். முடியாததைத் தரையில் போட்டாள். தரையில் குவியல் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் நின்றது வளையத் தூளி. இரண்டு மீட்டர் துணி, ஒரு முனையில் இரண்டு உலோக வளையம். மறு முனையை வளையத்துக்குள் கோத்து விட்டால் தோளில் மாட்டும் தொட்டில் மாதிரி ஆகிவிடும். கோப்பதை மேஜைமேல் வைத்து நிதானமாகச் செய்துகொள்ளலாம். கோத்ததை அவிழ்க்கவே வேண்டாம். தலைவழியாக மாட்டி, பிள்ளையை உள்ளே விட்டு, தொங்கும் வாலை இழுத்தால் இறுகும்.

மணல் அடைத்த மூன்றரைக் கிலோ பொம்மையை வைத்துப் பழகினார்கள். முதலில் எடுத்தது புதுத் துணி, அழகான நீலம், விறைப்பு. வளையம் அதைக் கவ்விக்கொண்டு நகர விடவில்லை. ஹிஸ்கே பலம் கொண்டு இழுக்க, தூளி திரும்ப, பொம்மை தலைகீழாகத் தரையில் விழுந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹிஸ்கே பொம்மையைக் காலைப் பிடித்துத் தூக்கினாள். "இவ பொழச்சுக்குவா. வேற துணி குடுங்க."

பழைய துணி ஒன்று கிடைத்தது. பருத்தி, வெளிறிய பச்சை, நாலு பிள்ளை கண்டது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. வளையமும் பெரிது. துணி அதில் வழுவழுவென்று ஓடியது. ஆனாலும் வலது தோளில் வளையம் இருக்க, வலது கையாலேயே இழுக்க வேண்டியிருந்தது. முழங்கை மடங்கி இடித்தது, இழுக்க இடமே இல்லை. அன்னரீக் யோசித்தாள். ஹிஸ்கே தூளியைக் கழற்றி இடது தோளில் மாட்டினாள்.

"அந்தப் பக்கம் பாரம் வேணாமேன்னுதான் நான்..." என்றாள் அன்னரீக்.

"எல்லாரும் இந்தத் தோளுக்குப் பரிதாபப்படறாங்க. வேலைதான் யாரும் குடுக்க மாட்டேங்கறாங்க."

குட்டைக் கை பொம்மையின் அடியில் தாங்கியது. வலது கை மார்புக்குக் குறுக்கே வந்து வாலைப் பிடித்தது. இப்போது இழுக்க இடம் இருந்தது. மேல் ஓரத்தை ஒரு இழு, கீழ் ஓரத்தை ஒரு இழு, பிறகு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக. பொம்மை அவள் மார்போடு ஒட்டி நின்றது. குனிந்து குதித்துக்கூடப் பார்த்தாள், அசையவில்லை.

அப்புறம்தான் மாரிட்டை வாங்கினாள். தோள்மேல் உயரச் சாய்த்து, மெல்லத் துணிக்குள் இறக்கினாள். அன்னரீக் குனிந்து பார்த்துச் சொன்னாள்: "முழங்கால் ரெண்டும் உக்காரற இடத்தவிட மேல இருக்கு, சரி. முதுகு முழுக்கத் துணி இருக்கு. தாடைக்கடியில ரெண்டு விரல் போகுதா பாரு. நீ தலையக் குனிஞ்சா அவ நெத்தியில முத்தம் குடுக்க முடியணும்."

ஹிஸ்கே குனிந்தாள். உதடு நெற்றியில் பட்டது. நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, எதையும் பிடிக்காமல்.

"பொம்மையும் வேணும், மூணு நாளைக்கு" என்றாள்.

அந்த மூன்று நாளும் என் அலமாரிக் கோப்பைகள் ஓயவில்லை. காலையில் பத்துத் தடவை, மதியம் பத்துத் தடவை, பொம்மையோடு ஏறி ஏறி இறங்கினாள். சாக்ஸ் போட்டுக்கொண்டு, போடாமல், கையில் துணிக்கூடையோடு, கூடை இல்லாமல். கூடையோடு ஏறுவது கூடாது என்று அவளே தீர்மானித்தாள். சமையலறையில் அடுப்புப் பக்கம் போகும்போது தூளி கூடாது என்பதும் அவள் வைத்த சட்டம்தான். நாலாம் நாள் பொம்மையைச் சோபாவில் கிடத்திவிட்டு மாரிட்டைக் கட்டிக்கொண்டாள்.

கயிறு ஒரு பக்கச் சுவரில்தான் இருந்தது. ஏறும்போது வலது கைக்கு எட்டும், இறங்கும்போது எட்டாது. சீட்சே கப்பல் கயிறு வாங்கிவந்து எதிர்ச் சுவரிலும் அடித்தான். லீவை நீட்டிக் கேட்கட்டுமா என்றும் கேட்டான்.

"வேண்டாம். நீ இருக்கற வரைக்கும் எல்லாரும் உன்னப் பாத்துதான் பேசுவாங்க. போயிட்டு வா."

அவன் போன அன்றைக்கே டவுட்சன் பெட்டியோடு வந்து இறங்கினாள். நேராக மாடியறைக்குப் பெட்டியைக் கொண்டுபோனாள். செவ்வாய்க்கிழமை குழந்தைநல நிலையத்திலிருந்து நர்ஸ் வருவதாக இருந்தது. திங்களன்று என்னிடம் வந்து, "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. சாட்சிக்கு" என்றாள்.

வந்த நர்ஸ் இல்ஸே சின்னப் பெண். கோரியின் குறிப்பை மேஜையில் விரித்து வைத்திருந்தாள். குழந்தையின் எடை பார்த்தாள், கண் பார்த்தாள், எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"படி விஷயம். உங்க மாமியார் இருக்கறது நல்லதாப் போச்சு. அவங்க இருக்கற வரைக்கும் நாங்க கவலப்பட வேண்டியதில்ல."

"அத்தை பாப்பாவத் தூக்கிட்டு எறங்கினா பத்திரம்ங்கறீங்க."

"ஆமா."

"அப்ப பாக்கலாம். அத்தை, பாப்பா மாடியில இருக்கா. கொஞ்சம் தூக்கிட்டு வாங்க."

டவுட்சன் ஏறிப் போனாள். நாங்கள் மூன்று பேரும் படியடியில் நின்றோம். மேலே தெரிந்தாள், மாரிட்டை இரண்டு கையாலும் ஏந்தி, மார்போடு அணைத்து. முதல் படியில் கால் வைத்தாள். கயிற்றைப் பிடிக்கக் கை இல்லை. பிள்ளையின் பொதி மறைத்ததில் கால் வைக்கும் இடமும் தெரியவில்லை. முதுகைச் சுவரில் உரசிக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு அடியாக இறங்கினாள். ஒன்பதாவது படியில் குதிகால் வழுக்கியது, நின்றுவிட்டாள். இல்ஸே இரண்டு படி மேலேறிக் கையை நீட்டினாள்.

"நீங்க வர வேண்டாம். அவங்களே எறங்கட்டும். அவங்க பத்திரம்னுதானே எழுதியிருக்கு" என்றாள் ஹிஸ்கே.

டவுட்சன் இறங்கி முடித்தபோது மேலுதட்டில் வேர்வை. ஹிஸ்கே பிள்ளையை வாங்கினாள். பச்சைத் தூளியைத் தலைவழியாக மாட்டி, மாரிட்டை உள்ளே இறக்கி, மேல், கீழ், நடு என்று இழுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாடைக்கடியில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். கயிற்றைப் பிடித்துப் பதினான்கு படியும் ஏறினாள். திரும்பி மறு கயிற்றைப் பிடித்துப் பதினான்கு படியும் இறங்கினாள். அவசரம் இல்லை, தயக்கமும் இல்லை. கடைசிப் படியில் நின்று, இல்ஸேயைப் பார்த்துச் சொன்னாள்:

"படியில எனக்கு ஒரு கை இருக்கு. ரெண்டு கையால புள்ளயத் தூக்கறவங்களுக்கு ஒண்ணுகூட இல்ல. இப்ப சொல்லுங்க, யார் கூட யாரு இருக்கணும்?"

இல்ஸே மேஜைக்குப் போய், கோரியின் வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஹிஸ்கே தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"'தன் குறையைச் சமாளித்து'ன்னு எழுதியிருக்கீங்க."

"நல்லவிதமாத்தான் எழுதினேன்."

"நான் எதையும் சமாளிக்கல. நீங்க இப்பப் பாத்தத எழுதுங்க. போதும்."

இல்ஸேயின் முகம் சிவந்தது. அடித்துவிட்டு எழுதினாள்: தாய் குழந்தையைத் தூளியில் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துப் படி ஏறி இறங்கினார். ஹிஸ்கே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

நர்ஸ் போன பிறகு டவுட்சன் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தாள்.

"எல்லாரும் பாக்க என்ன எறங்க வெச்சிட்டே."

"ஆமா அத்தை. நீங்க எல்லாரும் கேக்க என்ன சோஃபாவுல படுக்கச் சொன்னீங்க."

"பயந்துதான் சொன்னேன்."

"நானுந்தான் பயந்தேன்."

டவுட்சன் சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். மன்னிப்பு எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை, இவளும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் விருந்தாளியாக இருந்துவிட்டுப் பெட்டியோடு போனாள். போகும்போது தன் பண்ணை வீட்டுப் படியிலும் இரண்டாவது கயிறு அடிக்கச் சொல்ல வேண்டும் என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை. இன்றுவரை இருவரும் முழுசாக ஒத்துப்போனவர்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஆறு வாரம் கழித்து சீட்சே வந்தான். பிள்ளையைத் தானும் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். தூளியைத் தலையில் மாட்டி, வளையம் முதுகுப்பக்கம் போய், வால் காலில் சிக்கி, பதினைந்து நிமிடம் திண்டாடினான். ஹிஸ்கே காபி குடித்துக்கொண்டே பார்த்தாள்.

"கொஞ்சம் வந்து புடியேன்."

"உனக்குத்தான் ரெண்டு இருக்கே. கத்துக்க."

ஜூலையில் அவள் பாலத்துக்குத் திரும்பினாள். அதற்குள் மாரிட்டின் கழுத்து நின்றுவிட்டது, இடுப்பில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அதே துணிதான், இறக்கிக் கட்டினாள். நடக்கப் பழகியதும் பிள்ளைக்குத் தூளி கசந்துபோயிற்று. ஹிஸ்கே அதைத் துவைத்து மடித்து அன்னரீக்கின் அலமாரிக்குத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு மாதத்துக்கு எடுத்தது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அன்னரீக் கணக்குப் பார்க்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் இல்ஸே மறுபடி வந்தாள். நிலையத்தில் ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். ஹிஸ்கேயின் படத்தைப் பெரிதாகப் போட்டு, அவள் கதையைச் சொன்னால் மற்றத் தாய்மார்களுக்குத் தைரியம் வரும் என்றாள். நானும் அப்போது இருந்தேன்.

"என்னப் பாத்து யாருக்கும் தைரியம் வர வேண்டாம்" என்றாள் ஹிஸ்கே. "எனக்கு அன்னிக்குத் தைரியம் தேவப்படல. எந்தத் துணின்னு சொல்ல ஆள்தான் தேவப்பட்டுது. அத எழுதி வைங்க."

"எத?"

"எழுதுங்க, சொல்றேன். துணி பருத்தி, ரெண்டு மீட்டர். புதுசு வேண்டாம், நாலு பேர் பழகினது. வளையம் பெரிசு. முதல்லயே கோத்து வெச்சிடணும். எந்தக் கை வேல செய்யுதோ, வளையம் அதுக்கு எதிர்த் தோள்ல. புள்ள முகம் வெளிய தெரியணும், தாடை மார்புல ஒட்டக் கூடாது. முதல்ல மணல் பொம்ம, அப்புறம் புள்ள. அடுப்புகிட்டப் போகக் கூடாது."

இல்ஸே எழுதிக்கொண்டாள். அரைப் பக்கம் வந்தது. கீழே பெயர் போடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் ஹிஸ்கே.

நூலகத்து மாடியில் தூளி அலமாரிக் கதவில் அந்தத் தாளை நான் ஒட்டினேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை யாரோ அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். யாரென்று நான் பார்ப்பதில்லை. இன்னொரு நகல் எடுத்து ஒட்டிவிடுகிறேன்.